பெல்ட் அறுந்தா என்ஜினே காலியா? டைமிங் பெல்ட் பற்றி கார் வெச்சிருக்கிறவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை!

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் 14 கி.மீ கிரிவலம் முடித்துவிட்டு விழுப்புரம் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரியப்பாதான் டிரைவிங். வேட்டவலம் தாண்டி, கண்டாச்சிபுரத்தை நெருங்கும்போது என்ஜின் சட்டென்று நின்றுவிட்டது. சத்தமில்லை, புகையில்லை. ஹெட்லைட் எரிகிறது, டேப்பில் பாட்டு ஓடுகிறது, ஆனால் வண்டி செத்துப்போச்சு.

சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் சுற்றியது. ஆனால், வழக்கமான அந்த இழுவை இல்லை. தண்ணியில்லாத மோட்டார் மாதிரி 'விர்ர்ர்' என்று லேசாகச் சுற்றியது. "டீசல் காத்து பிடிச்சிருக்கும்டா" என்று பெரியப்பா பத்து தடவை அடித்துப் பார்த்தார். அது எவ்வளவு பெரிய தப்பு என்று விடிந்த பிறகுதான் தெரிந்தது.

காலையில் ஒரு லோடு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் கண்டாச்சிபுரத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் விட்டோம். மெக்கானிக் அண்ணன் மேல் கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். "டைமிங் பெல்ட் போயிருக்கு சார். எப்ப மாத்துனீங்க?" பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வண்டி வாங்கும்போது, மாத்தியாச்சுனு சொன்னாங்க" என்றார். "பில் இருக்கா?" இல்லை.

அந்த 'பில் இல்லை'க்கு நாங்கள் கொடுத்த விலை, வண்டி வாங்கிய விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

டைமிங் பெல்ட் என்ன வேலை செய்யுது?

என்ஜினுக்குள் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. கீழே பிஸ்டன்கள் மேலும் கீழுமாக ஓடுகின்றன. அவற்றோடு சேர்ந்து சுற்றுவது கிராங்க்ஷாஃப்ட். மேலே ஹெட்டில் வால்வுகள் திறந்து மூடுகின்றன; அவற்றை அழுத்துவது கேம்ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பாற்றுவதுதான் டைமிங் பெல்ட். உள்பக்கம் பற்கள் வைத்த ரப்பர் பட்டை. அறுந்துபோகாமல் இருக்க உள்ளே கண்ணாடி இழை நூல்கள் ஓடும்.

என்ஜின் 3,000 ஆர்.பி.எம்-ல் ஓடும்போது கிராங்க் நொடிக்கு 50 சுற்று சுற்றும். ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். அந்த வேகத்தில் பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும். திறந்திருந்த வால்வு அப்படியே தொங்கும். ஆனால் பிஸ்டன் நிற்காது. மேலே வந்து அந்த வால்வை இடிக்கும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டனும் அடிவாங்கும். பழைய சில என்ஜின்களில் இரண்டுக்கும் நடுவே போதுமான இடைவெளி இருந்தது. பெல்ட் அறுந்தால் புது பெல்ட் போட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். இன்றைய டீசல் என்ஜின்களில் அந்த அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்க முடியாது.

பெல்ட் அறுந்த பிறகு திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடித்தால், தப்பித்த வால்வுகளும் இடிபடும். நாங்கள் செய்த தப்பு இதுதான்.

எந்த வண்டியில் பெல்ட், எதில் செயின்?

மேற்கு ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார்தான், 1960-களின் தொடக்கத்தில், பற்கள் வைத்த ரப்பர் டைமிங் பெல்ட்டோடு உற்பத்திக்கு வந்த முதல் கார். செயினைவிட சத்தம் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு என்பதால் மற்ற கம்பெனிகளும் பிடித்துக்கொண்டன.

நம்ம ஊர் ரோட்டிலும் பெல்ட் வண்டிகளுக்குக் குறைவில்லை. 1983-ல் வந்த மாருதி 800, 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாய் சான்ட்ரோ, அதே வருடம் அறிமுகமான டாடா இண்டிகாவின் டீசல், ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்ட்டரின் 1.5 டீசல், டிராவல்ஸ்காரர்களின் செல்லமான பழைய டொயோட்டா இன்னோவா 2.5 டீசல் எல்லாமே பெல்ட்தான். மாருதி ஸ்விஃப்ட் டீசலின் 1.3 என்ஜினிலும் இன்னோவா கிரிஸ்டா 2.4-லும் செயின்.

பழைய இன்னோவாவில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பெல்ட் மாற்றும் நேரம் வந்தால் மீட்டரில் 'டி-பெல்ட்' என்று லைட் எரியும். மற்ற பல வண்டிகளில் அதுவும் கிடையாது.

ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் 1.0 எக்கோபூஸ்ட் பெட்ரோல் என்ஜினில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலை விட்டுவிட்டு வேறு ஏதாவது ஊற்றினால் ரப்பர் கரைந்து உதிரும். அந்தத் துகள்கள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். அதனால் இந்த வண்டிக்கு ஆயில் விஷயத்தில் சிக்கனம் கூடாது.

செயின் என்றால் கவலையே இல்லையா? அப்படியும் இல்லை. ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தால் செயினும் தளரும். ஆனால் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். பெல்ட் சொல்லாமல் கொள்ளாமல் போகும்.

எப்போ மாத்தணும்?

பல வண்டிகளுக்கு 60,000 முதல் 1,00,000 கி.மீ என்று கம்பெனி குறித்திருக்கும். சிலவற்றில் அதற்கும் மேல். கூடவே வருடக் கணக்கும் இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. 'வண்டி ஓடவே இல்லை, ஷெட்லதான் நிக்குது' என்பது காரணமாகாது; நின்ற இடத்திலேயே ரப்பர் மூப்படையும். உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள எண்தான் இறுதி.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள். டென்ஷனர், ஐட்லர் புல்லி இரண்டையும் சேர்த்து கிட் ஆகப் போடுங்கள். பெல்ட்டே தண்ணி பம்ப்பையும் சுற்றும் வண்டி என்றால் பம்ப்பையும் மாற்றிவிடுங்கள். புது பெல்ட் போட்ட ஆறாவது மாதம் பழைய பம்ப் ஒழுகினால், அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும்.

வேலை பெல்ட்டில் இல்லை, போல்ட்டில்!

ஷெட்டில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பெல்ட்டைக் கழற்றுவது சில நிமிட வேலை. அதுவரை போய்ச் சேர்வதுதான் பாடு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஆயில் சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, அந்தப் பக்க என்ஜின் மவுண்ட்டை எடுத்து, ஏ.சி பெல்ட்டை எடுத்து... கடைசியில் கிராங்க் புல்லியின் நடு போல்ட். எங்கள் வண்டியில் அது அரை நாளைத் தின்றது.

ஏன் இப்படி பிடித்துக்கொள்கிறது? கம்பெனியிலேயே மிக அதிக இறுக்கத்தில் முடுக்கியிருப்பார்கள். மேலே பல வருடத் துரு. சில போல்ட்களில் மரையில் ஒட்டும் பசையும் இருக்கும். அலுமினிய ஹெட்டில் இரும்பு போல்ட் என்றால், ஈரம் பட்டு இரண்டு உலோகமும் ஒன்றையொன்று அரித்துக் கவ்விக்கொள்ளும்.

அண்ணன் போன வரிசை இது. முதலில் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். ஊறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். பிறகு ஆறுமுனை சாக்கெட் போட்டார். பன்னிரண்டு முனை சாக்கெட் போல்ட் தலையை மழுங்கடித்துவிடும். சுத்தியலால் தலையில் நேராகச் சில தட்டு, துரு விரிசல் விட. அடுத்து, கழற்றும் பக்கம் இழுக்காமல் ஒரு நூல் அளவு இறுக்கும் பக்கம் அசைத்தார். ஒட்டு விட்டால்தான் திரும்பும். அதற்கும் அசையாதபோது, ஸ்பிரேயைத் துடைத்து சுத்தம் செய்துவிட்டு சூடு காட்டினார்.

சூட்டின் கணக்கு எளிது. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். மரைப் பசையும் சூட்டில் இளகும். ஆனால் பக்கத்தில் டீசல் குழாய், ரப்பர் சீல், மிச்சமிருக்கும் ஸ்பிரே. யூடியூப் பார்த்துவிட்டு வீட்டு வாசலில் செய்கிற வேலை அல்ல இது.

டீசல் வண்டிகளின் குளோ பிளக்கும் இதே ரகம். என்ஜின் சூடாக இருக்கும்போது மெதுவாகத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் பாதியில் முறியும். முறிந்த போல்ட் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருப்புவார்கள். உள்ளே முறிந்தால் துளை போட்டு, புது மரை வைக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

இந்த நான்கை மட்டும் கவனிங்க

ஒன்று, ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிராங்க்கைக் கையால் இரண்டு முழு சுற்று சுற்றி, டைமிங் குறிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பல் தள்ளியிருந்தாலும் தெரிந்துவிடும்.

இரண்டு, கிராங்க் போல்ட் புதிதா என்று கேளுங்கள். பல வண்டிகளில் அது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் போல்ட். புதிதை டார்க் ரென்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும்.

மூன்று, பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். மாற்றிய தேதி, கி.மீ இரண்டையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானட்டுக்குள் ஒட்டச் சொல்லுங்கள்.

நான்கு, ஓடும்போது என்ஜின் நின்றால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனமாகும். பதறாமல், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். ஹசார்டு லைட் போடுங்கள். ஸ்டார்ட்டர் அடித்தால் இழுவை இல்லாமல் லேசாகச் சுற்றுகிறதா? அதோடு நிறுத்திவிட்டு, வண்டியைக் கட்டி இழுக்க ஆள் தேடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறீர்களா? 'பெல்ட் மாத்தியாச்சு' என்பதற்கு பில் காட்டினால் சரி. இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

பெரியப்பா இப்போது அறுந்துபோன அந்த பெல்ட்டை டேஷ்போர்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார். வண்டி வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் அதை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறார்.