ஒரு மின்விசிறியில் மாதம் 21 யூனிட் மிச்சம்!
வாடகை அறையில் இருப்பவர்களும் செய்யலாம்

மும்பை தாராவியில் பத்துக்குப் பத்து அறை. மேலே தகரக் கூரை. நான்கு பேர் தங்கி இருக்கிறார்கள். ஒருவர் இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்குகிறார். அந்த அறையில் மின்விசிறிக்கு ஓய்வே கிடையாது.

அதைச் சுற்ற வைப்பது பெரும்பாலும் நிலக்கரி. மும்பைக்கு வடக்கே டகாணு அனல் மின்நிலையத்துக்கு ரெயில் வேகன்களில் நிலக்கரி வந்து இறங்குகிறது. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. பூமியைச் சூடாக்குவது இந்த வாயுதான். சூடு கூடினால் பேய்மழையும் கூடும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். 2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியதே, அதை மும்பைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதற்காக விசிறியை நிறுத்த முடியுமா? முடியாது. மாற்றலாம்.

சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும். 'பி.எல்.டி.சி.' என்ற புதுவகை விசிறிக்கு 30 வாட் போதும். காற்றில் குறை இல்லை. தினம் 16 மணி நேரம் ஓடினால் மாதம் 21 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் 126 ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 180 கிலோ கரியமில வாயு குறைகிறது.

யார் பணம் போடுவது?

விலை ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதல். மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். உள்மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் வாங்குகிற இடமானால், ஓராண்டில் கூடுதல் விலை திரும்பிவிடும். "விசிறிக்கு இவ்வளவு" என்று மாதம் ஒரே தொகை வாங்கும் இடத்தில் லாபம் வீட்டுக்காரருக்கே! அங்கே முதலில் அவரிடம் பேசி, தொகையைக் குறைக்கச் சொல்ல வேண்டும். நான்கு பேர் பங்கு போட்டு வாங்கினால், அறையைக் காலி செய்கிறவர் பங்கை வாங்கிக்கொண்டு போகட்டும். இதைப் பேசாமல் விட்டுத்தான் சண்டை வருகிறது.

2023-ம் ஆண்டு முதல் விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். ஐந்து நட்சத்திரம் பார்த்து வாங்குங்கள். பழைய ரெகுலேட்டரை எலெக்ட்ரீசியனை வைத்துக் கழற்றிவிட வேண்டும். புது விசிறிக்கு அது ஆகாது.

கழற்றிய விசிறியைப் பார்சல் கட்டி ஊருக்கு அனுப்பாதீர்கள். அங்கேயும் அது 75 வாட்தான் இழுக்கும். உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காகப் பழைய இரும்புக் கடைக்காரர் நல்ல விலைக்கே எடுத்துக்கொள்வார்.