வெப்பத் தாக்கு

வெப்பத் தாக்கு என்பது உடலின் உள்வெப்பநிலை 40 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்து, மூளையின் செயற்பாடு பாதிக்கப்படும் நிலை ஆகும். பேச்சு வழக்கில் இது வெயில் தாக்கு எனவும் சன் ஸ்ட்ரோக் எனவும் அழைக்கப்படுகிறது. உடலை விரைந்து குளிர்விக்காவிடின் சிறுநீரகம், கல்லீரல், தசைகள் முதலியன பழுதடைந்து இறப்பு நேரலாம். எனினும் இது பெரும்பாலும் தவிர்க்கக்கூடியதே.

ஏற்படும் விதம்

மனித உடலின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை ஆகும். வளர்சிதைமாற்றத்தாலும் தசைகளின் உழைப்பாலும் உண்டாகும் வெப்பத்தை உடல் தோல் வழியாக வெளியேற்றுகிறது. காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையான சுமார் 35 பாகையைத் தாண்டியதும், வியர்வை ஆவியாதலே வெப்பம் வெளியேறும் முதன்மை வழியாக எஞ்சுகிறது.

வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை; அது ஆவியாவதாலேயே குளிர்கிறது. காற்றில் ஈரப்பதன் மிகும்போது ஆவியாதல் குறைகிறது. எனவே கடற்கரை ஊர்களில் வெப்பமானியின் அளவு குறைவாக இருந்தாலும் இடர் குறைவு எனக் கொள்ள முடியாது. இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலையைக் கணிக்கும்போது சமவெளிகளுக்கு 40 பாகையையும் கடற்கரைப் பகுதிகளுக்கு 37 பாகையையும் தொடக்க எல்லையாகக் கொள்கிறது. இயல்பைவிட வெப்பம் எவ்வளவு கூடியுள்ளது என்பதும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது.

வகைகள்

* உழைப்பில்லா வெப்பத் தாக்கு: முதியோர், குழந்தைகள், நாட்பட்ட நோயுடையோர் ஆகியோருக்கு வெப்பம் மிகுந்த நாட்களில் வீட்டினுள்ளும் ஏற்படலாம்.
* உழைப்புசார் வெப்பத் தாக்கு: உழவர், கட்டடத் தொழிலாளர், உப்பளத் தொழிலாளர், விளையாட்டு வீரர், படைவீரர் முதலியோருக்கு ஏற்படுவது. உடல்நலம் மிக்க இளைஞரையும் இது தாக்கும்.

பருவ மாற்றமும் உடற்பழக்கமும்

வெப்பத்தில் நாள்தோறும் உழைக்கும் உடல் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் அதற்குப் பழகிக்கொள்கிறது. பழகிய உடலில் வியர்வை விரைவாகத் தொடங்கி மிகுதியாகச் சுரக்கும். அதில் வெளியேறும் உப்பின் அளவு குறையும். சில வாரங்கள் வெயிலில் இருந்து விலகி இருந்தால் இப்பழக்கம் மறைந்துவிடும். இதனால் கோடையின் தொடக்க நாட்களும், விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும் நாட்களும் கூடுதல் இடர் உடையவை. புதிய தொழிலாளருக்கு முதல் நாளில் வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் கொடுத்து, பின் நாள்தோறும் அதே அளவு கூட்டிச் செல்வது பரிந்துரைக்கப்படுகிறது.

அறிகுறிகள்

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த களைப்பு ஆகியவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள் ஆகும். குழப்பம், உளறல், தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அதை வெப்பத் தாக்காகவே கருத வேண்டும். தோல் உலர்ந்திருக்கும் என்பது பரவலான எண்ணம். ஆனால் உழைப்புசார் வகையில் வியர்வை தொடர்ந்து வழியக்கூடும். ஆகவே வியர்வை இருப்பதை வைத்து ஆபத்தில்லை என முடிவு செய்தல் தவறாகும்.

முதலுதவி

1. இந்தியாவில் 108 எண்ணை அழைத்து மருத்துவ ஊர்தியை வரவழைக்க வேண்டும்.
2. பாதிக்கப்பட்டவரை நிழலுக்குக் கொண்டுசென்று இறுக்கமான உடைகளைத் தளர்த்த வேண்டும்.
3. ஊர்தி வரும்வரை காத்திராமல் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்கலாம்.
4. நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியே எதையும் கொடுக்கக் கூடாது. நீர் மூச்சுக்குழாயினுள் செல்லக்கூடும்.

பாராசிட்டமால் போன்ற காய்ச்சல் மருந்துகள் இதில் பயன் தருவதில்லை. காய்ச்சலில் மூளையே வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. அம்மருந்துகள் அதைத் தணிக்கின்றன. வெப்பத் தாக்கில் அந்த அளவு மாறுவதில்லை. வெப்பம் வெளியேற முடியாமல் தேங்குகிறது.

தடுப்பு முறைகள்

* கடின வேலைகளைக் காலையிலோ மாலையிலோ செய்தல். நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலைத் தவிர்த்தல்.
* வேலையின்போது 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு குவளை நீர் அருந்துதல். நெடுநேரம் வியர்ப்பவருக்கு உப்பிட்ட நீர்மோர், கஞ்சி, வாய்வழி நீரேற்றுக் கரைசல் ஆகியவை ஏற்றவை.
* தளர்வான, வெளிர்நிறப் பருத்தி ஆடை அணிதல்.
* நிறுத்திய ஊர்தியினுள் குழந்தைகளைச் சிறிது நேரமும் விடாதிருத்தல்.
* காற்றின் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டும்போது மின்விசிறியை மட்டும் நம்பாதிருத்தல். அது சூடான காற்றையே உடல்மீது செலுத்தும்.

அரசு நடவடிக்கைகள்

2010 மே மாத வெப்ப அலையில் பலர் இறந்ததைத் தொடர்ந்து, அகமதாபாத் நகரம் 2013-ல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை நடைமுறைப்படுத்தியது. தெற்காசியாவில் இதுவே முதலாவது எனக் குறிப்பிடப்படுகிறது. 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்தது.

இவற்றையும் பார்க்கவும்

* நீரிழப்பு
* வெப்ப அலை
* அக்கினி நட்சத்திரம்
* முதலுதவி