பார்த்தும் பேசாத விடுதிகள்: ராகிங் தடுப்பில் அடைபடாத ஓட்டை

புது தில்லி: கல்லூரியில் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ராகிங்குக்கு எதிராக உறுதிமொழிப் பத்திரம் அளிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2009-ஆம் ஆண்டு வகுத்த விதி. ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்பதோடு அந்தப் பத்திரம் நின்றுவிடவில்லை. செயலாலோ, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதாலோ ராகிங்குக்குத் துணைபோக மாட்டேன் என்றும் மாணவர் உறுதியளிக்கிறார். பெற்றோரும் தனியே கையொப்பமிடுகின்றனர்.

பார்த்துக்கொண்டு வாளாவிருப்பதும் கொடுமைக்குத் துணை நிற்பதே என்பதை விதிகளை எழுதியவர்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. எனினும், அண்மை ஆண்டுகளில் நாட்டை உலுக்கிய ராகிங் சம்பவங்களின்போதெல்லாம் ஒரே கேள்விதான் எழுகிறது: அத்தனை பேர் தங்கியிருந்த விடுதியில் ஒருவர்கூட ஏன் தடுக்கவில்லை?

வயநாடு தந்த பாடம்

கேரள மாநிலம் வயநாடு மாவட்டம் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் 2024 பிப்ரவரி 18-ஆம் தேதி இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் இறந்து கிடந்தார். அதற்கு முந்தைய நாள்களில் அவர் விடுதியிலேயே பிற மாணவர்கள் பார்த்திருக்கத் தாக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. வழக்கு பின்னர் சிபிஐ வசம் ஒப்படைக்கப்பட்டது.

தாக்கியதாகக் கூறப்பட்டவர்கள் கைது செய்யப்பட்டது ஒருபுறமிருக்க, நேரடித் தொடர்பு இல்லாதபோதும் தடுக்கவோ தெரிவிக்கவோ தவறியதாக 33 மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அந்த உத்தரவு சில வாரங்களில் ரத்து செய்யப்பட்டபோது எழுந்த சர்ச்சையில் துணைவேந்தரே பதவி விலக நேர்ந்தது. வேடிக்கை பார்த்தவரை எந்த அளவுக்குத் தண்டிக்கலாம் என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் குஜராத்தின் பாட்டன் மாவட்டம் தார்பூர் மருத்துவக் கல்லூரியில், அறிமுகம் என்ற பெயரில் முதலாண்டு மாணவர்கள் மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்டதாகவும், அவர்களில் 18 வயது மாணவர் ஒருவர் மயங்கி விழுந்து உயிரிழந்ததாகவும் வழக்குப் பதிவானது. மூத்த மாணவர்கள் 15 பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. கோட்டயம் அரசு செவிலியர் கல்லூரி விடுதியில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீடித்ததாகக் கூறப்படும் கொடுமை, பாதிக்கப்பட்ட முதலாண்டு மாணவர்கள் 2025 பிப்ரவரியில் புகார் அளித்த பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது.

கூட்டத்தில் கரையும் பொறுப்பு

உதவாமல் நிற்பவர்களை இரக்கமற்றவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் டார்லி, பிப் லட்டானே ஆகியோர் 1968-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. தனித்தனி அறைகளில் அமர்ந்து ஒலிபெருக்கி வழியே கல்லூரி வாழ்க்கைச் சிக்கல்களைப் பற்றி உரையாடிய மாணவர்களுக்கு, திடீரென ஒருவர் வலிப்பில் தவிக்கும் குரல் கேட்கும்படி செய்யப்பட்டது. தாம் ஒருவரே அதைக் கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதத்தினர் அவர் பேசி முடிப்பதற்குள் உதவிக்கு எழுந்தனர். மேலும் நால்வர் கேட்பதாக நம்பியவர்களில் எழுந்தவர்கள் 31 சதவீதம் மட்டுமே. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் அனைவர் மனத்திலும் இருக்கும்போது, எவரும் முன்வருவதில்லை.

இந்திய விடுதிகளில் இதனுடன் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. குரல் கொடுப்பவர் அடுத்த மூன்று நான்கு ஆண்டுகள் அதே மூத்தவர்களுடன் அதே கூரையின் கீழ் வாழ வேண்டும். பாடக்குறிப்பு முதல் தேர்தல் வரை எல்லாவற்றுக்கும் அவர்களை நாட வேண்டும். நேற்று அவமானப்பட்டவர், நாங்கள் பட்டதுதானே இது என்று இன்று ஒதுங்கி நிற்கிறார். நாளை அவரே மூத்தவராகிறார். 2023 ஆகஸ்டில் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டு மாணவர் உயிரிழந்த வழக்கில், படிப்பை முடித்த பின்னும் விடுதியில் தொடர்ந்த முன்னாள் மாணவரும் கைதானார். மூத்தவர்களின் பிடி எவ்வளவு நீண்டது என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

ஏட்டில் உள்ள பாதுகாப்பு

ராகிங்குக்கென மத்திய அரசின் தனிச் சட்டம் ஏதும் இல்லை. சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு 1996-இல் கொல்லப்பட்டதை அடுத்து தமிழகம் 1997-இல் சட்டம் இயற்றியது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவரை உடந்தையானவராகவே அச்சட்டம் கருதுகிறது. உச்ச நீதிமன்றம் 2001-இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. சிபிஐ முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையிலான குழு 2007-இல் அறிக்கை அளித்தது. 2009 மார்ச்சில் ஹிமாசலப் பிரதேசம் டாண்டா மருத்துவக் கல்லூரி மாணவர் அமன் கச்ரு மூத்தவர்கள் தாக்கியதில் உயிரிழந்த பின்னரே மானியக் குழுவின் விதிகள் வந்தன.

அந்த விதிகளில் அச்சுறுத்தல் மட்டுமல்ல, பாதுகாப்பும் உண்டு. பாதிக்கப்பட்டவரோ, நேரில் கண்டவரோ புகார் அளிக்க ஊக்குவிக்கப்பட வேண்டும். அவரது அடையாளம் காக்கப்பட வேண்டும். புகார் அளித்த காரணத்துக்காக அவருக்கு எந்தப் பாதகமும் நேரக் கூடாது என்று அவை கூறுகின்றன. கல்வியாண்டின் முதல் மூன்று மாதங்களில் இரு வாரங்களுக்கு ஒருமுறை புதிய மாணவர்களிடம் ரகசியமாகக் கருத்தறிய வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. இது முறையாக நடந்திருந்தால், கோட்டயத்தில் கூறப்படுவது போன்ற மூன்று மாதக் கொடுமை நிர்வாகத்தின் காதுக்கு எட்டாமல் இருந்திருக்குமா என்ற கேள்வி எழுகிறது.

உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவதில் கல்லூரிகள் காட்டும் வேகம், கண்டதைச் சொல்ல வருபவரைக் காப்பதிலும் இருந்தால் மட்டுமே விடுதி மாணவர் வாய் திறப்பார். தேசிய ராகிங் தடுப்பு உதவி மையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-5522. பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து அறை மாணவரும் தம் பெயரை வெளியிடாமலே தகவல் தெரிவிக்கலாம்.