ஒரே பிறப்பு, வேறு வேறு நிறம்

உயர்தர வகுப்பில் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கோவலன் மதுரையின் இரத்தினக் கடைத்தெருவைக் காணும் இடம். மாணிக்கம், புருடராகம், வைடூரியம், நீலம், கோமேதகம் என்னும் ஐந்தும் ஒரே தோற்றத்தில் பிறந்து வேறு வேறு வனப்புப் பெற்றவை என்று இளங்கோவடிகள் கூறுவதை விளக்கினேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஒன்றாய்ப் பிறந்தால் நிறம் எப்படி வேறாகும், சேர்?"

விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டும், நூலகத்தில் தேடியும் மறுநாள்தான் விடை சொன்னேன். நேயர்களே, அந்த விடை தமிழாசிரியனாகிய எனக்கே வியப்பாயிருந்தது.

ஐந்தும் ஒன்றல்ல, வைடூரியமும் கோமேதகமும் வேறு கனியங்கள். ஆனால், மாணிக்கமும் நீலமும் நம் நாட்டில் புஷ்பராகம் எனப்படும் மஞ்சட்கல்லும் உண்மையில் ஒரே கனியந்தான். அதன் பெயர் குருந்தம். ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்ற சொல்லும் இத்தமிழ்ச் சொல்லின் வழி வந்ததே.

குருந்தம் என்பது அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த பொருள். தூய நிலையில் அதற்கு நிறமில்லை. கல் உருவாகும்போது அலுமினியத்தின் இடத்தில் நூற்றுக்கு ஒரு பங்களவு குரோமியம் புகுந்தால், அது வெள்ளொளியிலுள்ள பச்சையையும் ஊதாவையும் விழுங்கிவிடும். எஞ்சிய சிவப்பு நம் கண்ணை அடைகிறது, அதுவே மாணிக்கம். இரும்பும் தைத்தேனியமும் அதனினும் மிகச் சிறிய அளவில் அருகருகே அமர்ந்தால் நீலம். இரும்பு மட்டுமானால் மஞ்சள் உண்டாகலாம். சேர்ந்த இடமும் முக்கியம்: மாணிக்கத்தைச் சிவப்பாக்கும் அதே குரோமியம் மரகதத்தைப் பச்சையாக்குகிறது.

கண்டியை உள்ளடக்கிய மலைநாட்டுப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. நமது கற்கள் அங்கு பிறந்து, பாறை தேய, ஆற்று நீரால் அள்ளுண்டு, 'இல்லம்' எனப்படும் சரளைப் படையில் தங்கின.

இவ்வளவும் சொன்னபின் அந்த மாணவன் மெதுவாகச் சொன்னான். "எங்கள் தாத்தா எலஹெரவில் மாணிக்கக் குழியில் வேலை செய்தவர். கெவுடா கற்களைச் சரளையோடு கொட்டிவிட்டாராம். இப்போதும் சொல்லிச் சொல்லி வருந்துவார்."

கெவுடா என்பது பால்போல் மங்கிய குருந்தம். ஒருகாலத்தில் அதற்கு விலையில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, 1,500 பாகை செல்சியசுக்கும் மேலான சூட்டில் வைத்து நீலக்கற்களாக்கினர். மங்கலுக்குக் காரணமான நுண்ணிய தைத்தேனிய இழைகள் சூட்டில் கரைந்து, கல்லிலிருந்த இரும்போடு சேர்ந்துகொள்கின்றன.

"அப்படியென்றால் நிறம் வெளியிலிருந்து வரவில்லையா, சேர்?"

"இல்லை மகன். வேண்டியவை எல்லாம் உள்ளேயே இருந்தன. சேராமல் கிடந்தன, அவ்வளவுதான்."

"தாத்தா கொட்டியதெல்லாம் நீலக்கல்லா?"

எல்லாக் கெவுடாவும் நீலமாகாது, போதிய இரும்பு வேண்டும் என்றேன். அது உண்மை, அந்தக் கிழவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அவன் ஒரு கல்லைக் கொண்டுவந்தான். தாத்தா நினைவுக்காக வைத்திருந்ததாம். சன்னலருகே பிடித்துப் பார்த்தோம்: டீசல் படிந்தாற்போன்ற மங்கல், வெளிச்சத்தில் தேநீர் நிறம். பிள்ளைகளுக்குப் புள்ளி போடும் சிவப்புப் பேனா என் மறுகையில் இருந்தது. அன்று விடைத்தாள்களை வழக்கத்தை விட மெதுவாகத்தான் திருத்தினேன்.