மலிவுத் துவக்கு கேட்கும் விலை

மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவ பிரதேசம், 1984ஆம் ஆண்டு பிரகடனப்படுத்தப்பட்ட வஸ்கமுவ தேசிய பூங்காவை அண்டியிருக்கின்றது. காட்டு யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி இரவிரவாக வயற்காவல் புரிவது அங்குள்ள விவசாயிகளின் நெடுநாள் வழக்கம். கிழக்கில் வேளாண்மை செய்யும் தமிழ், முஸ்லிம் மக்களின் நிலையும் இதுவே. காவலுக்குச் செல்பவர் துணைக்கு ஒரு துவக்கை நாடுவதில் வியப்பில்லை. அது எத்தகைய துவக்கு என்பதே கேள்வி.

தொழிற்சாலைத் துப்பாக்கி விலை கூடியது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அதற்கு அனுமதிப்பத்திரமும் வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் இரகசியமாகச் செய்யப்படும் ‘இடியன்’ துவக்கோ மலிவானது. ஏழை விவசாயி எதன் பக்கம் சாய்வார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கையால் செய்யப்பட்டதெல்லாம் தரம் குறைந்தது என்று நாம் கூற வரவில்லை. கண்டி இராச்சியத்தின் கைவினைஞர்கள் துப்பாக்கித் தொழிலில் பெயர் பெற்றிருந்தனர். நெதர்லாந்து 2023ஆம் ஆண்டு இலங்கைக்குத் திருப்பித் தந்த ஆறு கலைப்பொருட்களுள் இரண்டு பெருந்துவக்குகளும் அடங்கும். இன்றும் இலண்டன் கைவினைஞர்கள் ஒருவரது தோளுக்கும் கைக்கும் அளவெடுத்துச் செய்யும் துப்பாக்கி, தொழிற்சாலைத் துப்பாக்கியை விடப் பன்மடங்கு விலையுடையது.

வேறுபாடு சோதனையிலேயே இருக்கின்றது. இலண்டனில் 1637ஆம் ஆண்டு பட்டயம் பெற்ற துப்பாக்கி தயாரிப்பாளர் சங்கம், வழமையிலும் கூடிய அழுத்தம் தரும் வெடியைச் சுட்டு, தாங்கிய குழலுக்கே முத்திரை இடுகின்றது. கையால் செய்ததாயினும் இச்சோதனைக்குத் தப்ப முடியாது. இரகசியப் பட்டறைத் துவக்குக்குச் சோதனையும் இல்லை, பொறுப்பேற்பவரும் இல்லை. அதன் குழல் பெரும்பாலும் நீர்க்குழாயே. நீரைக் கொண்டுசெல்லச் செய்த குழாய் வெடிமருந்தின் அழுத்தத்தில் பிளந்தால், முதற் காயம் சுடுபவரின் கைக்கும் முகத்துக்குமே.

இதனினும் கொடியது, கம்பி தட்டியதும் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு. பன்றிக்கு வைத்தது பாதையில் வரும் அயலவரின் காலைச் சிதைக்கின்றது. யானையோ பெரும்பாலும் உடனே இறப்பதில்லை. புண் சீழ் வைத்து நாட்கணக்கில் வதைபடுகின்றது. காயம்பட்ட யானை முன்னிலும் மூர்க்கமாக ஊருக்குள் வரவும் கூடும். 2019ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகளும், யானைகளால் 100க்கும் மேற்பட்ட மனிதர்களும் மாண்டனர். யானைகளின் இறப்புக்குத் துப்பாக்கிச் சூடும் ஒரு முக்கிய காரணமாகும்.

எனவே, பட்டறைகளை முற்றுகையிடுவதோடு அதிகாரிகளின் கடமை முடிந்துவிடாது. உண்மையான விவசாயியின் அனுமதிப்பத்திர விண்ணப்பம் தாமதமின்றிப் பரிசீலிக்கப்பட வேண்டும். சட்டவிரோதத் துவக்குகளை அச்சமின்றி ஒப்படைக்கக் கால அவகாசம் வழங்கப்பட வேண்டும். கிராமத்தையும் வயலையும் சூழ்ந்த மின்வேலிகள் ஒழுங்காகப் பராமரிக்கப்பட வேண்டும். வேலி காக்கும் ஊரில் துவக்கின் தேவை தானாகவே குறையும்.

விவசாயிகளும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஒரு போக விளைச்சலைக் காக்கப் போய் ஒரு காலை இழந்தால், அக்குடும்பம் இழப்பது எத்தனை போகங்களை?