கணக்கோடு வரும் காப்பீடு: திருப்பதிப் பயணிகள் அறிய வேண்டியவை

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவு. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதியை அடையும் இருப்புப்பாதை, வேலூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் நெடுஞ்சாலைகள், சென்னையிலிருந்து நகரி, புத்தூர் வழியாக வரும் சாலை, ரேணிகுண்டா விமான நிலையம் ஆகிய அனைத்தும் ஆண்டு முழுவதும் ஓய்வறியாதவை. திருமலைக்கும் காணிப்பாக்கத்திற்கும் வழிபாட்டிற்காக வருவோர், வேலூருக்கு மருத்துவத்திற்காகச் செல்வோர், மாம்பழமும் தக்காளியும் ஏற்றிச் செல்லும் வணிகர்கள் எனப் பலரும் இவ்வழிகளை நம்பியே வாழ்கின்றனர்.

இப்பயணிகளுள் பெரும்பாலோரிடம் ஒரு வங்கிக் கணக்கும் அதற்குரிய அட்டையும் இருக்கின்றன. அவற்றோடு விபத்துக் காப்பீடும் சேர்ந்திருக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார். அறிந்தவர்களும் அதைத் தம் குடும்பத்தாரிடம் சொல்லிவைப்பதில்லை. கணக்கு வைத்திருந்தவர் விபத்தில் மறைந்துவிட்டால், அச்செய்தி வங்கிக்குத் தானாக வந்து சேர்வதில்லை. காப்பீட்டு நிறுவனமும் வீடு தேடி வருவதில்லை. கேட்பவருக்கே தொகை கிடைக்கும். எனவே இக்காப்பீடுகள் எவை, எந்த நிபந்தனைகளின்கீழ் அவை செல்லுபடியாகும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

கருணைத் தொகையும் காப்பீட்டுத் தொகையும்

2022 மார்ச் 26 இரவு, திருப்பதியை அடுத்த பாக்கராபேட்டை மலைப்பாதையில் திருமண நிச்சயத்திற்காக வந்துகொண்டிருந்தோரின் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்தது. 2024 செப்டம்பர் 13 அன்று, சித்தூர்–பெங்களூர் நெடுஞ்சாலையில் மொகிலி மலைப்பாதையில் அரசுப் பேருந்தும் சரக்கு வண்டிகளும் மோதிக்கொண்டன. 2025 ஜனவரி 8 அன்று, திருப்பதியில் வைகுண்ட வாயில் தரிசனச் சீட்டு வழங்குமிடத்தில் ஏற்பட்ட நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்தம் குடும்பங்களுக்குத் தலா ரூ.25 லட்சம் வழங்குவதாக ஆந்திர அரசு அறிவித்தது.

இத்தகைய பெருந்துயரங்கள் நாடறிந்தவை. ஆகவே அரசின் உதவி விரைந்து வருகிறது. ஆனால் இருசக்கர வாகனத்தில் சென்ற ஒருவர் இரவில் லாரி மோதி இறந்துபோனால் நாளிதழில் நான்கு வரிச் செய்திதான் வரும். அக்குடும்பத்திற்குக் கருணைத் தொகை கிட்டுமா என்பது உறுதியில்லை. காப்பீட்டுத் தொகையோ உரிமை. நிபந்தனை நிறைவேறியிருந்தால் அதனைக் கேட்டுப் பெறலாம். வேறிடத்திலிருந்து உதவித்தொகை கிடைத்தது என்பதற்காக அது மறுக்கப்படுவதில்லை.

இருவகைக் காப்பீடுகள்

வங்கிக் கணக்கைச் சார்ந்த விபத்துக் காப்பீடுகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, அட்டையோடு தானாக வருவது. மற்றொன்று, நாம் விண்ணப்பித்துச் சேர்வது.

முதல் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜன் தன் கணக்கிற்கு வழங்கப்படும் ரூபே அட்டை. 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், 2018 ஆகஸ்ட் 28 வரை தொடங்கப்பட்ட கணக்குகளுக்கு ரூ.1 லட்சமும், அதன்பின் தொடங்கப்பட்டவற்றிற்கு ரூ.2 லட்சமும் விபத்துக் காப்பீடாக உண்டு. வாடிக்கையாளர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் விபத்து நேர்ந்த நாளுக்கு முந்தைய 90 நாள்களுக்குள் அவ்வட்டையை ஒருமுறையேனும் பயன்படுத்தியிருத்தல் வேண்டும். பணம் எடுத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஏடிஎம்மில் இருப்பைப் பார்த்திருந்தாலும் போதும். எரிவாயு மானியம் கணக்கில் வந்து சேர்வது இதில் அடங்காது. அது வாடிக்கையாளர் தாமே செய்த பரிவர்த்தனை அன்று.

ஏனைய பற்று அட்டைகளுக்கும் கடன் அட்டைகளுக்கும் தொகையும் நாள் கணக்கும் வேறுபடும். அவை ஆண்டுதோறும் மாறவும் கூடும். அட்டை வாங்கிய காலத்தில் தரப்பட்ட கையேட்டை நம்பியிராமல், இப்போதைய நிலையைக் கிளையில் கேட்டறிவதே முறை.

இரண்டாம் வகையில் முதன்மையானது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 2015-ல் தொடங்கப்பட்டபோது ஆண்டுக்கு ரூ.12 ஆக இருந்த கட்டணம், 2022 ஜூன் 1 முதல் ரூ.20 ஆயிற்று. 18 முதல் 70 வயது வரையுள்ளோர் சேரலாம். விபத்தில் உயிரிழந்தாலோ, இரு கண்களையோ இரு கைகளையோ இரு கால்களையோ முற்றிலும் இழந்தாலோ ரூ.2 லட்சம்; ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு காலை இழந்தால் ரூ.1 லட்சம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. கட்டணம் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் செய்யப்படும். பல வங்கிகளில் கணக்கு இருப்பினும் ஒரு கணக்கின் வழியாக மட்டுமே இதில் சேர முடியும்.

இரு குடும்பங்கள்

விளக்கத்திற்காக இரு குடும்பங்களைக் கற்பனை செய்து பார்ப்போம். இருவரும் சித்தூர்க்காரர்கள், ஒரே வங்கியில் ஜன் தன் கணக்கு உடையவர்கள், ஒரே பேருந்தில் பயணம் செய்து, ஒரே விபத்தில் உயிரிழக்கின்றனர்.

முதலாமவர் 2019-ல் கணக்குத் தொடங்கியவர். மாதம் ஒருமுறை ரூபே அட்டையால் பணம் எடுப்பார். மே மாத இறுதியில் அவருடைய கணக்கிலிருந்து ரூ.20 பிடித்தம் செய்யப்பட்டிருந்தது. அவர் மனைவிக்கு அட்டையின்வழி ரூ.2 லட்சமும் சுரக்ஷா திட்டத்தின்வழி ரூ.2 லட்சமும், ஆக ரூ.4 லட்சம் கிடைக்க வழியுண்டு.

இரண்டாமவர் 2015-ல் கணக்குத் தொடங்கியவர். அட்டை பீரோவில் உறங்குகிறது. ஓராண்டாக அதை எடுத்ததே இல்லை. மே மாதப் பிடித்தத்தின்போது கணக்கில் ரூ.14 மட்டுமே இருந்ததால் சுரக்ஷா காப்பீடு புதுப்பிக்கப்படவில்லை. அட்டையின்வழி வரவேண்டிய ரூ.1 லட்சமும் இல்லை. திட்டத்தின்வழி வரவேண்டிய ரூ.2 லட்சமும் இல்லை.

இவ்விரு குடும்பங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆறு ரூபாயும், ஏடிஎம்முக்கு ஒருமுறை சென்றுவருவதும் மட்டுமே. நம் வாடிக்கையாளர் எவரும் இரண்டாம் குடும்பத்தின் நிலையில் இருத்தலாகாது என்பதே எம் விருப்பம்.

எது விபத்து?

திருமலைக்கு அலிபிரியிலிருந்து 3,550 படிகள். முதியோரும் நோயுற்றோரும் வேண்டுதலின் பொருட்டு அவற்றை ஏறுகின்றனர். ஏறும்போது கால் இடறி விழுந்து உயிர் நீத்தால் அது விபத்து. மாரடைப்பால் உயிர் நீத்தால், விபத்துக் காப்பீட்டின் கணக்கில் அது விபத்தன்று. எதிர்பாராத வகையில், புறக்காரணத்தால், கண்ணுக்குப் புலப்படும் முறையில் நேர்வதையே காப்பீட்டு விதிகள் விபத்தெனக் கொள்கின்றன. தற்கொலைக்கும் இத்தொகை இல்லை.

எக்காரணத்தால் இறப்பு நேரினும் தொகை தருவது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனா. ஆண்டுக் கட்டணம் ரூ.436, தொகை ரூ.2 லட்சம். 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். சேர்ந்தவர்கள் 55 வயது வரை தொடரலாம். புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாள்களில் விபத்தால் நேரும் இறப்புக்கு மட்டுமே தொகை உண்டு. ஆகவே யாத்திரைக்கு முந்தைய நாள் சேர்ந்து பயனில்லை.

இரயிலும் விமானமும்

இணையவழியில் ஐஆர்சிடிசியில் இரயில் பயணச்சீட்டு எடுப்போர், பயணக் காப்பீடு வேண்டுமா என்ற வினாவைக் கண்டிருப்பர். ஒருவருக்கு 50 காசுக்கும் குறைவான கட்டணத்தில், இரயில் விபத்தில் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்திற்கும் ரூ.10 லட்சம், பகுதி ஊனத்திற்கு ரூ.7.5 லட்சம், மருத்துவமனைச் செலவிற்கு ரூ.2 லட்சம் வரை இதில் உண்டு. நிலையச் சாளரத்தில் எடுக்கும் சீட்டிற்கு இவ்வசதி இல்லை. சீட்டு எடுத்தபின் கைப்பேசிக்கு வரும் இணைப்பில் நியமனதாரர் பெயரைப் பதிவது பயணியின் பொறுப்பு. பலர் இப்படியைத் தாண்டிவிடுகின்றனர்.

கடன் அட்டைகளில் பெரிய எழுத்துகளில் விளம்பரமாகும் விமான விபத்துக் காப்பீட்டிற்குப் பெரும்பாலும் ஒரு நிபந்தனை உண்டு: விமானச் சீட்டை அதே அட்டையால் வாங்கியிருக்க வேண்டும். மகன் தன் அட்டையால் பெற்றோருக்குச் சீட்டு வாங்கினால், பெற்றோரின் அட்டையிலுள்ள காப்பீடு அப்பயணத்திற்குப் பொருந்தாமல் போகலாம். இணை அட்டை வைத்திருப்போருக்கு இக்காப்பீடு உண்டா என்பதும் கேட்டறிய வேண்டியது. காப்பீடு வழங்கும் கடன் அட்டைகளுக்கு நியமனதாரர் விவரம் பெறுவது குறித்து 2022-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி நெறிமுறைகளும் பேசுகின்றன. உங்கள் அட்டைக்கு அவ்விவரம் பதிவாகியிருக்கிறதா என ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டையின் விபத்துக் காப்பீடு வேறு, வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு வேறு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பிள்ளைகளைக் காண அமெரிக்காவுக்குச் செல்லும் பெற்றோருக்கு அங்கே காய்ச்சல் வந்தால் விபத்துக் காப்பீடு உதவாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 30,000 யூரோ அளவிற்கு மருத்துவக் காப்பீடு இருந்தால்தான் விசா வழங்குகின்றன. இத்தகைய பயணங்களுக்குத் தனிப் பாலிசி எடுப்பதே அறிவுடைமை.

எல்லை தாண்டும் ஆவணங்கள்

சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் நேரும் விபத்துகளுக்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. விபத்து ஆந்திரத்தில் நேரும். காயமுற்றவர் வேலூரில் சிகிச்சை பெறுவார். கணக்கோ திருவள்ளூரிலோ சேலத்திலோ இருக்கும். முதல் தகவல் அறிக்கை ஆந்திரக் காவல் நிலையத்தில் தெலுங்கில் பதிவாகும். இறப்புச் சான்றிதழ் உயிர் பிரிந்த ஊரில்தான் கிடைக்கும்; அப்பதிவை 21 நாள்களுக்குள் செய்துவிட வேண்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பரிசோதனை நடந்த அரசு மருத்துவமனையிலிருந்து பெற வேண்டும். துயரத்தோடு ஊர் திரும்பிவிட்டு, சில மாதங்களுக்குப் பின் இவற்றைத் தேடிப் புறப்படுவது பெரும் அலைச்சல். உறவினர் ஒருவர் அப்பொறுப்பை முதல் வாரத்திலேயே ஏற்பது நன்று.

பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றிற்கு உடனடி மருத்துவமனைப் பதிவேடு சான்றாக ஏற்கப்படும். அதனால் நாட்டு வைத்தியத்தில் முதல் மணி நேரங்களைக் கழிப்பது உயிருக்கும் தீங்கு, உரிமைக்கும் தீங்கு.

சுரக்ஷா திட்டத்தில் விபத்து நேர்ந்த 30 நாள்களுக்குள் உரிமைகோரல் படிவத்தைக் கிளையில் தருமாறு விதிகள் கூறுகின்றன. எல்லா ஆவணங்களும் கைக்கு வந்தபின் போகலாம் என்று காத்திராமல், முதலில் செய்தியைக் கிளைக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கணக்கிலும் ஆதாரிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் இப்போதே பாருங்கள். தமிழில் ஒரு விதமாகவும் தெலுங்கில் வேறு விதமாகவும் எழுதப்படும் பெயர்கள் பிற்பாடு தாமதத்திற்குக் காரணமாகின்றன.

கோரிக்கை முறையின்றி மறுக்கப்பட்டதாகக் கருதினால், முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலரையும், பின்னர் காப்பீட்டு ஆணையத்தின் 155255 என்ற எண்ணையும் அணுகலாம். காப்பீட்டு குறைதீர்ப்பாளர் அலுவலகங்கள் தமிழகத்திற்குச் சென்னையிலும் ஆந்திரத்திற்கு ஐதராபாத்திலும் உள்ளன.

இவ்வாரமே செய்யத் தக்கவை

1. பாஸ்புக்கைப் பதிவிட்டு, சென்ற மே, ஜூன் மாதங்களில் ரூ.20, ரூ.436 ஆகிய பிடித்தங்கள் உள்ளனவா எனப் பாருங்கள். இல்லையெனில் ஆண்டின் இடையிலும் சேரலாம். பிடித்தம் செய்யப்பட்ட நாளிலிருந்து சுரக்ஷா காப்பீடு தொடங்கும்.

2. ரூபே அட்டையை மாதம் ஒருமுறையேனும் பயன்படுத்துங்கள். பயணத்திற்கு முன் ஒருமுறை ஏடிஎம்மில் இருப்பைப் பாருங்கள்.

3. கணக்கிற்கும் காப்பீட்டிற்கும் நியமனதாரரைப் பதியுங்கள். அவ்வாறு பதியாத குடும்பங்கள் வாரிசுச் சான்றிதழுக்காக அலைய நேர்கிறது.

4. எந்த வங்கியில் கணக்கு, எந்த அட்டை, எந்தக் காப்பீடு என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். இரகசிய எண்ணை மட்டும் அதில் எழுதாதீர்கள்.

இவற்றுள் நான்காவதே முதன்மையானது என்பது எம் கருத்து. முதல் மூன்றையும் செய்துவிட்டு நான்காவதை விட்டுவிட்டால், காப்பீடு இருந்தும் குடும்பத்தார் அதை அறியார், கேட்கவும் மாட்டார்கள். ஐயமிருப்பின் கணக்கு வைத்துள்ள கிளைக்கு வாருங்கள். பாஸ்புக்கையும் அட்டையையும் எடுத்துவந்தால், எவ்வெவை நடைமுறையில் உள்ளன என்பதைச் சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடுவோம்.