பெட்ரோலுக்கும் மார்க் உண்டா?



திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பைக்கில் போயிருக்கிறீர்களா? ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரம். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஊர்கள் வரிசையாக வரும். வழியில் பெட்ரோல் பங்குகளும் வரும். அங்கே சில பங்குகளில் இரண்டு விதமான பெட்ரோல் விற்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று சாதாரணம். மற்றொன்று விலை கூடியது. அதன் பெயரோடு 95 என்றோ, 100 என்றோ ஓர் எண் ஒட்டிக்கொண்டிருக்கும்.

திண்டிவனத்தில் என் பக்கத்து வீட்டில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான். அவன் அப்பாவுக்கு விழுப்புரத்தில் துணிக்கடை ஒன்றில் வேலை. தினமும் 100 சிசி பைக்கில் போய் வருகிறார். "பெரிய நம்பர் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடும்" என்று யாரோ சொன்னதை நம்பி, பல மாதங்களாக விலை கூடிய பெட்ரோலையே போட்டு வந்தார்.

ஒருநாள் மாலை அந்தப் பையன் என்னிடம் வந்தான்.

"சார், பரீட்சையில் 91 மார்க்கை விட 95 மார்க் உசத்திதானே? பெட்ரோலிலும் அப்படித்தானா?"

நல்ல கேள்வி அல்லவா? பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

பொறுமைக்கு ஒரு எண்!

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை அழுத்தினால் சூடு ஏறும் என்பதுதான் காரணம்.

பைக் என்ஜினுக்குள்ளும் இதுவே நடக்கிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் வரும். பிஸ்டன் மேலே ஏறி அதை அழுத்தும். சாதாரண பைக்குகளில் அந்தக் கலவை ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்கிவிடும். சூடும் ஏறும். சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி விட, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். சக்கரம் சுழலும்.

பொறி வைத்த இடத்திலிருந்து நெருப்பு ஒழுங்காகப் பரவ வேண்டும். அது வந்து சேரும் முன்பே மிச்சமிருக்கும் கலவை அவசரப்பட்டுத் தானாகவே வெடித்தால்? என்ஜினுக்குள் யாரோ சுத்தியால் தட்டுவது போல 'டக் டக்' என்று சத்தம் வரும். இதை 'நாக்கிங்' என்பார்கள். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் பழுதாகும்.

சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டு பெட்ரோல் எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கும் என்பதைக் காட்டும் எண்தான் ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேன் என்ற திரவம் பொறுமைசாலி. அதற்கு 100 என்று எண் கொடுத்தார்கள். ஹெப்டேன் என்பது மகா அவசரக்காரன். அதற்கு 0. ஐசோ ஆக்டேன் 95 பங்கும் ஹெப்டேன் 5 பங்கும் சேர்ந்த கலவை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்கும் பெட்ரோலே 95 ஆக்டேன்.

ஆக, ஆக்டேன் எண் பெட்ரோலின் பொறுமையைச் சொல்கிறது; பலத்தைச் சொல்லவில்லை. நம்ப முடியவில்லையா? எத்தனாலைப் பாருங்கள். அதன் ஆக்டேன் எண் 100-க்கும் மேல். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்!

செருப்பு சைஸ் தெரியுமா?

நான் பையனிடம் கேட்டேன். "உன் செருப்பு சைஸ் என்ன?"

"அஞ்சு சார்."

"ஒன்பதாம் நம்பர் செருப்பு வாங்கித் தந்தால் வேகமாக ஓடுவாயா?"

அவன் சிரித்துவிட்டான். ஆக்டேன் எண் மார்க் அல்ல. செருப்பு சைஸ் போன்றது. பொருந்துவதே நல்லது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான்.

அப்படியானால் கூடுதல் ஆக்டேன் யாருக்கு? கலவையை மிக அதிகமாக அழுத்தும் என்ஜின் கொண்ட பந்தய பைக்குகள், விலை உயர்ந்த சில கார்கள் ஆகியவற்றுக்கு. அவற்றின் கையேட்டில் '95 வேண்டும்' என்று போட்டிருந்தால் 95 போட்டே ஆக வேண்டும். குறைத்துப் போட்டால் இழுவை குறையும், என்ஜினும் கெடலாம். இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகம் செய்தது இப்படிப்பட்ட வண்டிகளை மனதில் வைத்துத்தான்.

நம் நாட்டுச் சாதாரண பெட்ரோலும் இப்போது முன்னேறிவிட்டது. முன்பு அதன் ஆக்டேன் எண் 88. பிறகு 91 ஆனது. 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் அது 95 வரை உயர்ந்திருக்கிறது என்று 2025-இல் மத்திய அரசு தெரிவித்தது.

ஈயம் செய்த தீமை

இந்த எண்ணை உயர்த்த உலகம் ஒருமுறை பெரிய விலை கொடுத்தது. 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் கலந்த ஒரு பொருளைப் பெட்ரோலில் சிறிதளவு சேர்த்தால் நாக்கிங் நின்றுவிடும் என்று கண்டுபிடித்தார். உலகமே அதைப் பயன்படுத்தியது. ஆனால் வண்டிப் புகையோடு ஈயமும் காற்றில் கலந்தது. ஈயம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு! இந்தியா முழுவதும் 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. கடைசியாக அல்ஜீரியா நாடு 2021-இல் நிறுத்தியது. எண் உயர்ந்தால் போதும் என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து, பார்த்தீர்களா?

கணக்குப் போடலாம் வாங்க!

பையனும் நானும் நோட்டை எடுத்தோம். போக வர ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் 1.6 லிட்டர் வேண்டும். மாதம் 25 நாள் வேலை என்றால் 40 லிட்டர். பெட்ரோல் விலை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே வித்தியாசத்தை லிட்டருக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். மாதம் 320 ரூபாய்! வருடத்துக்கு 3,840 ரூபாய்!

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சார், அக்கா தட்டச்சு வகுப்பில் சேரணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அப்பா அடுத்த மாதம், அடுத்த மாதம்னு தள்ளிப் போடுறார்" என்றான்.

அன்றிரவு அவன் வண்டியின் கையேட்டைத் தேடி எடுத்தான். '91 அல்லது அதற்கு மேல்' என்று இருந்தது. அப்பாவிடம் காட்டினான். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "வண்டி கெட்டுப்போனால் என் வேலைக்கு யார் போவது?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதானே?

அதனால் ஒரு சோதனை வைத்தோம். டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுத வேண்டும். ஒரு மாதம் விலை கூடியது, ஒரு மாதம் சாதாரணம். அதே சாலை, அதே ஆள். ஒரு வாரம் இதில் கொஞ்சம் கூட வந்தது, ஒரு வாரம் அதில் கூட வந்தது. எதிர்க்காற்று அடித்த நாளில் இரண்டிலுமே குறைந்தது! 'டக் டக்' சத்தம் ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது அவர் சாதாரண பெட்ரோல்தான் போடுகிறார். அக்காவும் தட்டச்சு வகுப்புக்குப் போகிறாள்.

குழந்தைகளே, இன்றே உங்கள் வீட்டு வண்டியின் கையேட்டைப் பாருங்கள். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்பக்கமும் எழுதியிருக்கும். அதில் உள்ள எண்ணுக்குக் குறைவாகவும் போட வேண்டாம், வீணாகக் கூடுதலாகவும் போட வேண்டாம். பார்த்ததை அப்பா, அம்மாவிடம் பணிவாகச் சொல்லுங்கள். அவர்கள் சந்தேகப்பட்டால் வருத்தப்படாதீர்கள். நோட்டையும் பென்சிலையும் எடுத்துச் சோதனை செய்து காட்டுங்கள்!